கொக்கி ஏறவில்லை

கொக்கி இறங்கியது, ஏறவில்லை.

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் கைப்பிடியை மறுபடியும் சுற்றினார். கீழே பல்சக்கரம் சுழன்றது. அதிலிருந்து கிளம்பி, பொம்மை கிரேனின் கழுத்தோடு வளைந்து மேலே போகும் கேபிளும் சுழன்றது. உச்சியில் நூல் சுற்றும் உருளை மட்டும் எனக்கென்ன என்று நின்றது. கொக்கியின் முனையில், காதில் மாட்டிய காலிக் கோப்பை மேசையை விட்டு எழுந்திருக்க மறுத்தது.

"ஏறலையே," என்றார் அடுத்த கட்டில் ஹெட்மாஸ்டர்.

"பார்த்துட்டுத்தான் சார் இருக்கேன்."

"நேத்து ஏறிச்சு."

"அதுவும் தெரியும்."

"அப்போ நேத்தோட நிறுத்தியிருக்கலாம்."

இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து, 'இயங்கவில்லை' என்று எழுதி, தேதி போட்டு, கிரேனின் கழுத்தில் கட்டினார். நின்றுபோன லிஃப்டுகளுக்கு இருபத்தாறு வருஷமாகக் கட்டிய கை. முழங்கை உயரப் பொம்மைக்குக் கட்டுகிறோமே என்று அந்தக் கைக்குத் தோன்றவில்லை.

கட்டிலில் இன்ஸ்பெக்டரின் அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசி நாற்பது நாளாகிறது.

பக்கவாதம் வலது கையையும் நாக்கையும் ஒரே காலையில் கட்டிப்போட்டுவிட்டது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று இந்த இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். "கை அவ்வளவு மோசமில்லை. மனசு வெச்சா வரும்," என்று டாக்டர் சொன்னார். "அவர் விரலுக்குப் பழக்கமான எதையாவது கண்ணெதிர்ல வைங்க. ராத்திரி பகல் அங்கேயே இருக்கட்டும், எடுத்துட்டுப் போகாதீங்க. விரலுக்கு ஆசை வந்தா, வாய்க்கும் வரும்."

அப்பாவின் விரலுக்குப் பழக்கமானது அச்செழுத்து. நாற்பது வருஷம் அச்சகத்தில், கண்ணால் பார்க்காமலேயே பெட்டியிலிருந்து எழுத்தை எடுத்துக் கோத்தவர். ஆனால் எழுத்துகளை எங்கே போய்த் தேடுவது? அப்போதுதான் இன்ஸ்பெக்டருக்குப் பரணில் கிடந்த தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது.

நூற்றுப் பன்னிரண்டு உறுப்புகள். ஓட்டை போட்ட தகடுகள், பித்தளைச் சக்கரங்கள், விரலாலேயே திருகும் திருகாணிகள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த கேபிள். சுருள்கம்பி உறைக்குள் சுழலும் மெல்லிய எஃகுக் கம்பி. கிரேனின் கழுத்தை எப்பக்கம் வளைத்தாலும் உள்ளே கம்பி சுற்றிக்கொண்டேயிருக்கும். கீழே கை சுற்றுவது மேலே போய்ச் சேர்ந்துவிடும். எட்டு வயதில் அதை முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு மூச்சு நின்றது. அப்பாவும் அவரும் மழை நாளில் தரையில் குப்புறப் படுத்து அதைக் கட்டுவார்கள். "மூணு ஓட்டைத் தகடு எங்கேடா?" "உங்க வயித்துக்கு அடியிலப்பா." அந்த கிர்ர்ர் சத்தத்துக்குப் பின்னாலேயே போய்த்தான் அவர் லிஃப்ட் வேலைக்கே சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிரேனை மேசைமேல் வைத்து, கோப்பையைத் தூக்கிக் காட்டினார். அழகாக ஏறியது. அப்பாவின் கண் அதோடு ஏறி அதோடு இறங்கியது. இன்ஸ்பெக்டர் பத்து நிமிஷம் உட்கார்ந்தார். பேசாத மனிதரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? "வரேம்பா. அடுத்த மாசம் வரேன்," என்று கிளம்பினார்.

மறுநாள் காலையிலேயே இல்லத்து ஆயாம்மாவிடமிருந்து போன். "சார், உங்க மெஷின் நின்னு போச்சு. பெரியவர் அதையே வெறிச்சுப் பார்த்துட்டு இருக்காரு. எனக்கு மனசு கேக்கலை."

கேபிளின் முனையை உருளையோடு பிணைக்கும் பித்தளைக் குப்பியைக் காணோம். பழைய உலோகம், தேய்ந்து, கழன்று, எங்கேயோ உருண்டிருக்கும். இன்ஸ்பெக்டர் அலுவலகப் படிவம் ஒன்றை எடுத்து நிரப்பினார். உறுப்பு: கேபிள் முனை. காரணம்: தேய்மானம். கடைசியாகக் கையாண்டவர்: நான்.

வீட்டில் மனைவி கேட்டாள். "சரியாச்சா?"

"கேபிள் போச்சு. சைக்கிள் கடையில ப்ரேக் கேபிள் கிடைக்கும். நாளைக்குப் போட்டுடறேன்."

"நாளைக்கும் போறீங்களா?"

"அஞ்சு நிமிஷ வேலை."

"இப்பல்லாம் பொத்தானை அமுக்கினா தூக்கற கிரேன் வந்திருக்கு. ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்களேன்."

"அதுல உள்ளே என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? மூடி வெச்சிருப்பான். இதுல எல்லாம் வெளியில தெரியும். ஒளிவு மறைவே கிடையாது."

ப்ரேக் கேபிள் இழுப்பதற்குப் பிறந்தது, சுற்றுவதற்கு அல்ல. இது இன்ஸ்பெக்டருக்குத் தெரியாததல்ல, ஆனாலும் ஆசை. செவ்வாய்க்கிழமை கைப்பிடியை ஆறு சுற்றுச் சுற்றியதும் கேபிள் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு எட்டு போட்டது. ஏழாவது சுற்றில் கிரேனின் கழுத்து பின்பக்கம் திரும்பி அவரையே பார்த்தது.

"உங்களைத்தான் கேக்குது, ஏன் இப்படிப் பண்றீங்கன்னு," என்றார் ஹெட்மாஸ்டர்.

கழுத்தை நிமிர்த்தத் தகடுகளைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தால் மறுபடி கோக்க வேண்டும். அஞ்சு நிமிஷம் ஒன்றரை மணி நேரமாயிற்று. வேலை செய்யும் கைக்குத் துணையாக வாயும் ஓடியது. மேலதிகாரி எரிந்து விழுவது, மனைவியின் முழங்கால் வலி, மகள் எந்த ஊரிலிருந்து எப்போது போன் செய்கிறாள், எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே திருகினார். தான் பேசுவது அவருக்கே தெரியவில்லை. அப்பா கண் கொட்டாமல் கேட்டார்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் தன் ஸ்கூட்டரின் வேகம் காட்டும் முள்ளிலிருந்து கேபிளை உருவினார். அது சுழலவே பிறந்தது. குப்பிக்குப் பதிலாக முனையை நசுக்கிப் பொருத்தினார். நியாயமான யோசனைதான். ஆனால் ஸ்கூட்டர் கேபிளுக்கு ஸ்கூட்டரின் முரட்டுத்தனம் இருந்தது. கைப்பிடியைச் சுற்றியபோது கோப்பை மேலே போகவில்லை. கிரேன் கீழே வந்தது. வந்த வேகத்தில் பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டு போனது. அங்கே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீருக்குள் ஹெட்மாஸ்டரின் பல்செட் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

"எம் பல்லு!"

"இதோ எடுத்துட்டேன் சார். உடையலை."

"பிரேதப் பரிசோதனை பண்ணின மாதிரி கையில வெச்சுப் பார்க்காதீங்க. குடுங்க இப்படி!"

அப்பாவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது போலிருந்தது. இன்ஸ்பெக்டர் பாய்ந்து திரும்பினார். அதற்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

"அசைஞ்சுது! நீங்க பார்த்தீங்களா?"

"பல்லில்லாம எனக்கு எதுவும் தெரியாது," என்றார் ஹெட்மாஸ்டர்.

இன்ஸ்பெக்டருக்கு அது போதும். கிரேன் ஒழுங்காக ஓடினால் அப்பா பேசுவார். ஒரு வார்த்தை. 'டா' என்று ஒரு எழுத்து சொன்னால்கூடப் போதும். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை.

வியாழக்கிழமை மேலதிகாரி போன் செய்தார். "எங்கேய்யா இருக்கே? அந்த ஆறு மாடிக் கட்டடத்து லிஃப்டுக்கு நீ கையெழுத்துப் போடணும். மூணு நாளா ஜனங்க படியேறிட்டு இருக்காங்க. ஒரு அம்மா நாலாவது மாடியில உக்காந்துட்டு, இனிமே நான் இங்கேதான் குடியிருக்கப் போறேன்னு சொல்றாங்களாம்."

"ஒரு கிரேன்ல சிக்கல் சார்."

"எத்தனை டன்?"

"ஒரு கோப்பை சார்."

மறுமுனையில் போன் டக்கென்று வைக்கப்பட்டது.

அன்றைக்குக் கிரேனை மேசையோடு சேர்த்து முடுக்கினார். தையல் மெஷினுக்கு மனைவி வைத்திருந்த எண்ணெயைக் கேபிளுக்குள் விட்டார். சுற்றினார். கிர்ர்ர். கோப்பை ஏறியது; உச்சிக்குப் போனது; நின்றது; இறங்கியது. இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா, பாருங்க! பாருங்கப்பா!"

அப்பா பார்த்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. ஒரு வார்த்தை வரவில்லை.

"சரி, பரவாயில்லை. ஓடுதில்ல. இனிமே தினம் பார்த்துட்டே இருங்க," என்று சிவப்பு அட்டையை அவிழ்த்து, பச்சை அட்டையைக் கட்டினார். "நான் அடுத்த மாசம் வரேன்."

வெள்ளிக்கிழமை காலையில் ஆயாம்மாவின் போன்.

உருளையைப் பிடித்திருந்த திருகாணியைக் காணோம். முந்தின நாள்தான் தன் கையால் இறுக்கியது. தேய்மானம் ஒரே பொழுதில் வராது. இன்ஸ்பெக்டர் தகரப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த பட்டியலை வைத்து உறுப்புகளை எண்ணினார். நூற்றுப் பத்து. உபரியிலிருந்து ஒரு திருகாணி எடுத்துப் போட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை எண்ணினார். நூற்றெட்டு.

"யாரோ எடுக்கறாங்க," என்றார் வீட்டில்.

"யாருங்க எடுப்பாங்க அதை?" என்றாள் மனைவி. "ஒண்ணு சொல்லட்டுமா? மாசத்துக்கு ஒரு தடவை போனா போதும்னு இருந்தீங்க. இப்ப வாரம் பூரா அங்கேயே கிடக்கறீங்க. ஸ்கூட்டர் முள்ளு செத்துப் போச்சு. தையல் எண்ணெய் தீர்ந்து போச்சு. இனி என்ன, என்னைக் கழட்டிக்கிட்டுப் போய் மாட்டப் போறீங்களா?"

"உன்கிட்ட சரியான அளவுல ஓட்டை இல்லையே."

அவள் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் புகார் எழுதினார். அலுவலகப் படிவத்தில், அலுவலக முறைப்படி. 'அறையில் இருப்போர் இருவர். ஒருவருக்குக் கை இயங்காது. ஆகவே மற்றவர்.' கடைசியாகக் கையாண்டவர் என்ற இடத்தில், முதல்முறையாக 'நான்' என்று எழுதாமல் 'ஹெட்மாஸ்டர்' என்று எழுதினார்.

திங்கட்கிழமை காலை இல்லத்து மேலாளர் அம்மா அறைக்கு வந்தார். ஆயாம்மா ஜன்னலோரம் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டரின் பையை அவர் கட்டிலிலேயே கவிழ்த்தார்கள். பதினோரு சர்க்கரைப் பொட்டலங்கள் விழுந்தன. நான்கு கரண்டிகள் விழுந்தன. மேலாளர் அம்மாவின் மேசையிலிருந்து காணாமல் போன பேனாவும் விழுந்தது.

"ஆயிரம் பசங்க பையைச் சோதிச்சவன் நான்," என்றார் ஹெட்மாஸ்டர். "சர்க்கரை எடுத்தேன். கரண்டி எடுத்தேன். பேனா எப்படி வந்துதுன்னு தெரியலை. ஆனா திருகாணி எடுக்கலை. எனக்கும் ஒரு தரம் இருக்கு."

"வேற யார் சார் எடுத்திருப்பாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த கிரேன் ஓடினா எங்கப்பா பேசுவாரு. உங்களுக்கு அது விளையாட்டா இருக்கு."

"தம்பி, நீங்க வந்து பேசற பேச்சுதான் எனக்கும் பொழுதுபோக்கு. உங்க மேலதிகாரி என்ன சொன்னார்னு நானும்தான் தினம் காத்துட்டு இருக்கேன். நான் எதுக்கு அதைக் கெடுக்கப் போறேன்?"

மேலாளர் அம்மா பேனாவைத் துடைத்துத் தன் பையில் செருகிக்கொண்டார். "எதுக்கு வம்பு? பின்கட்டுல ஒரு அறை காலியா இருக்கு. சாரை அங்கே மாத்திடறேன்."

"அங்கே ஜன்னல் இருக்கா?" என்று கேட்டார் ஹெட்மாஸ்டர்.

"இல்லை."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சர்க்கரைப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் வைக்க ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் புகாரின் அடியில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். கட்டிலில் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தரை துடைக்கும் குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆயாம்மா நிமிர்ந்தாள். அப்பாவை ஒருமுறை பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க பெரியவரே, இதுக்கு மேல என்னால முடியாது," என்றாள். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க அந்தப் பக்கம் போனதும் இவருதான் தினம் வலது கையாலேயே ஒண்ணொண்ணா கழட்டறாரு, 'இது சரியாயிட்டா என் பையன் வரமாட்டான், போன் பண்ணி நின்னு போச்சுன்னு சொல்லு'ன்னு என்கிட்ட வாய் திறந்து சொன்னதும் இவருதான்."