சுவரைத் தட்டிப் பார்த்த டொக்கு அண்ணாச்சி

திருநெல்வேலியில் நான் பொறாமைப்படாத ஆளே கிடையாது என்று என் மனைவி காந்திமதி சொல்லிக்கொண்டு திரிகிறாள். பச்சைப் பொய். நான் முழு மனதோடு, ஞாயிற்றுக்கிழமை லீவுகூட விடாமல் பொறாமைப்பட்டது ஒரே ஓர் ஆளைப் பார்த்துத்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டு டொக்கு அண்ணாச்சி.

ஜங்ஷனில் நாற்பது வருஷம் தேங்காய்க்கடை வைத்திருந்தவர். வயதானதும் கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். தேங்காயைத் தட்டித் தட்டிப் பழகிய விரலை மட்டும் கொடுக்கவில்லை. கண்ணில் படுகிற எதையும் நடுவிரலை மடக்கி டொக் டொக்கென்று இரண்டு தட்டு தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்பார். அடுத்தவர் பையில் இருக்கிற பூசணிக்காய், மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி, நின்றுகொண்டிருக்கும் டவுன் பஸ், எதுவும் தப்பாது. ஒரு தடவை பாலத்து முனையில் நின்ற போலீஸ்காரரின் ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சரக்கு நல்ல சரக்குதான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

மார்கழி பிறந்த கையோடு அந்த மழை பெய்தது. ஆற்றுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே இரண்டு தெரு இருக்கிறது என்ற தைரியத்தில் நான் இருந்தேன். ஆறு அந்த இரண்டு தெருவையும் ஒரே ராத்திரியில் தாண்டி வந்துவிட்டது. இரண்டு நாள் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தால், ஃப்ரிட்ஜ் கட்டிலில் மல்லாக்கப் படுத்திருக்கிறது. வீடு முழுக்க முழங்கால் சகதி. சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு. அண்ணாச்சி வீட்டிலும் அதே உயரத்தில் கோடு. எங்கள் இரண்டு பேரையும் சமமாக நடத்தியது அந்த வெள்ளம் ஒன்றுதான்.

சகதியை அள்ளிப் போட்ட மறுநாளே அண்ணாச்சி ஒவ்வொரு வீடாக நுழைந்து சுவரைத் தட்ட ஆரம்பித்தார்.

"காரைய நெஞ்சு ஒசரத்துக்குக் கொத்திப் போடுங்க. செங்கல் மூச்சு விடட்டும். வாரத்துக்கு ஒருக்கா நா வந்து தட்டிப் பாக்கேன். காஞ்ச சத்தம் வந்த பெறவு பூசினாப் போதும்."

தெருவே கேட்டது. போகிற வீட்டிலெல்லாம் அவருக்கு நாற்காலி, காபி, வடை. சத்தம் கேட்கிறபோது யாரும் பேசக்கூடாது, மிக்சியை நிறுத்திவிடுவார்கள். நானோ ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் ஆபீசில் இருபத்தாறு வருஷம் எழுத்தர். சிமெண்ட், மணல், செங்கல் என்று இந்த ஊரில் பாதியைக் காகிதத்திலேயே கட்டியவன். என்னிடம் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், "சார், சுவரை என்ன செய்யலாம்?" என்று கேட்கவில்லை. வயிறு எரிந்தது. வீட்டிலாவது மரியாதை உண்டா என்றால், காந்திமதி அவருக்கு ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொடுக்கிறாள். எனக்கு அந்த ஏலக்காயின் வாசனை மட்டும்தான்.

இந்த நேரத்தில்தான் என் மகள் செல்விக்கு ஒரு வரன் கூடி வந்தது. மூன்று வருஷமாக ஒவ்வொன்றாகக் கைநழுவிக்கொண்டிருந்தது. இந்தப் பையன் சீவலப்பேரிக்காரன், பள்ளிக்கூட வாத்தியார். போட்டோவைப் பார்த்துவிட்டு செல்வி அதைத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். தை மூன்றாம் தேதி அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. இதுவும் போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் எனக்கு அப்போது ஒரே கவலை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு என்றால் எங்கள் பக்கத்தில் துஷ்டி விழுந்த வீடு, சாவு நடந்த வீடு, என்று அர்த்தம். கொத்திப்போட்ட செங்கலைக் காட்டிக்கொண்டு சம்பந்தக்காரரை உட்கார வைக்க முடியுமா? பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆள் வைத்துப் பூசி, ரோஸ் கலரில் பெயிண்டும் அடிக்க ஏற்பாடு செய்தேன். அண்ணாச்சி ஓடி வந்து தட்டினார்.

"வே, செவரு இன்னும் எளநிதான். மூடுனீருன்னா உள்ள கெடக்க தண்ணி சும்மா இருக்காது. கொஞ்சம் பொறும்."

"தேங்கா விக்கவரு தேங்காயப் பாருங்க அண்ணாச்சி. செவர நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். சொன்னதும் நாக்கு இனித்தது.

"பெரியவங்க சொல்லுதத ஒரு தடவ கேட்டாத்தான் என்னங்க?" என்றாள் காந்திமதி. அவ்வளவுதான். எனக்கு வேகம் வந்து, பெயிண்டில் இரண்டாவது கோட்டிங்கும் அடிக்கச் சொல்லிவிட்டேன்.

பொங்கலன்று காலையில் தெருவிலேயே என் வீடு மட்டும்தான் பளபளவென்று இருந்தது. சாயங்காலம் சுவரில் ஒரு கொப்புளம். மறுநாள் முப்பது. மூன்றாம் நாள் நான் எண்ணுவதை விட்டுவிட்டுத் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போய் காலண்டர் வாங்கி வந்து மாட்டினேன். ஒரே சுவரில் ஆறு காலண்டர். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும், எந்தத் தேதியைக் கேட்டாலும் சொல்லத் தயாராக அதற்கு முன்னால் நான் நின்றுகொண்டேன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அப்பா காலண்டர் இல்லாத இடமாகப் பார்த்து நிம்மதியாகச் சாய்ந்தார். காபி குடித்தார். எழுந்தார். அவரோடு என் சுவரும் எழுந்து வந்தது. வெள்ளைச் சட்டை முதுகில், தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ரோஸ் கலர். பெயர்ந்த இடத்தில் ஈரம் நசநசவென்று மின்னியது.

வேடிக்கை பார்க்க வந்த எங்கள் தெருப் பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கணவரின் முதுகைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பத்து நாள் பொறுக்கத் தெரியாமல் பெயிண்டைப் பூசி மறைக்கிற ஆள் இன்னும் எதையெல்லாம் மறைப்பானோ என்று அந்தப் பார்வை கேட்டது.

அப்போது டொக்கு அண்ணாச்சி உள்ளே வந்தார். நான் வேண்டுமென்றே அவரை அழைக்கவில்லை. தோளில் துண்டு, சட்டைகூடப் போடவில்லை. நேரே சுவரிடம் போய் ஒரு தட்டு தட்டிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிக்கணும் ஐயா. தப்பு எம்மேல. இந்த மனுசன் காயட்டும் காயட்டும்னு தலபாடா அடிச்சிக்கிட்டாரு. நாந்தான் தட்டிப் பாத்து, காஞ்சிட்டு, அடியும்வேன்னு சொன்னேன். எம் வெரலு ஏமாத்திட்டு."

தெருவே கேட்க அதைச் சொன்னார். நான் "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா முதுகைத் தடவிக் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "இதுக்குப் போயி என்னய்யா? எங்க வீட்டுல தண்ணி சன்னலுக்கு மேல. நாங்களும் பொங்கலுக்கு அவசரப்பட்டு இதே கூத்துதான் பண்ணினோம். அங்கன வந்து பாத்தியன்னா நீங்க சிரிப்பீய. தட்டுதவரு சொல்லித்தானே அடிச்சிருக்காரு, விடுங்க." தட்டு மாற்றித்தான் போனார்கள்.

அன்றோடு அண்ணாச்சியின் வைத்தியம் படுத்துவிட்டது. "கிழவருக்குக் காது போயிட்டு" என்றார்கள். ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. அவர் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. சாயங்காலம் ஐந்து மணியானால் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஜங்ஷன் கதையெல்லாம் பேசினார். ஒரு நாள் துணிந்து கேட்டேன்: "ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீங்க?"

"செல்வி அடுக்களையில அழுதது செவருக்கு எங்க பக்கம் கேட்டுது வே. அதுக்குத் தட்டியா பாக்கணும்?"

அவள் அழுததே எனக்குத் தெரியாது. நான் காலண்டருக்குக் காவல் நின்றுகொண்டிருந்தேன். அந்த மனிதர் மேல் எத்தனையோ பொறாமை பட்டிருக்கிறேன். அன்றைக்குப் பட்டதுபோல் பட்டதில்லை.

ஊருக்கு உண்மையைச் சொல்ல முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அவரை யாரும் கூப்பிடாததால் அவருடைய சாயங்காலம் முழுக்க எனக்கே கிடைத்தது. ஏலக்காய் டீயும் இரண்டாக வந்தது. ஒரு மாதம் வாயைத் திறக்காமல் அதை அனுபவித்தேன்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில், மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்று ஈரச்சுவரிலேயே பூச ஆள் சொல்லிவிட்டார்கள். பச்சைக்குழந்தை படுக்கப்போகிற அறை. "டொக்குவக் கேட்டு என்ன ஆகப்போவுது?" என்றார் அந்த வீட்டுக்காரர். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அன்றே ஒவ்வொரு வீடாகப் போய், அண்ணாச்சி வேண்டாம் என்றார், கேட்காமல் பெயிண்ட் அடித்தது நான், என்று சொல்லிவிட்டு வந்தேன். சிலர் சிரித்தார்கள். காந்திமதி சிரிக்கவில்லை.

இப்போது அவருக்குப் பழைய மவுசு வந்துவிட்டது. வண்ணார்பேட்டையிலிருந்தெல்லாம் பைக்கில் வந்து, யார் யாரோ அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவரைக் கூட்டிப்போகிற அந்த வீட்டுக்காரர்களை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்து மணிக்கு இரண்டு டீ போடச் சொல்கிறேன். அவர் வரும்வரை என்னுடையதும் அங்கேயே ஆறிக்கொண்டிருக்கிறது.