தும்பியின் முதுகு

ரயில் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தும்பியின் இடது இறக்கை செத்துப் போயிருந்தது.

பென்சில் அக்கா உள்ளங்கையில் இருந்த தங்கத் தும்பியைப் பார்த்து, வாயைக் குவித்து மெல்ல ஊதினார். வலது இறக்கை சிலிர்த்துக்கொண்டு படபடத்தது. இடது இறக்கை, மத்தியானச் சாப்பாடு முடித்த குமாஸ்தா மாதிரி அசையாமல் கிடந்தது.

இன்னும் பலமாக ஊதினார். எதிர் இருக்கைக்காரர் கையிலிருந்த செய்தித்தாள் தானாக விளையாட்டுப் பக்கத்துக்குப் புரண்டது.

"ரொம்பச் சூடா இருக்கோ?" என்றார் அவர்.

"சூடு இல்லீங்க. உயிர் இல்ல."

அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு வேறு இருக்கை தேடிப் போய்விட்டார்.

பென்சில் அக்காவுக்குத் தெரிந்தது நகைக்குப் படம் போடுவது. அதை அவர் மாதிரி போட ஆள் கிடையாது. ஒரு வளையலை வரைந்தால் பார்ப்பவர்கள் தங்களையறியாமல் கையை நீட்டுவார்கள். ஆனால் ஒரு ஊக்கை நிமிர்த்தச் சொன்னால் விரலில் ரத்தம் வரும். அதனால் தகரப்பெட்டி நிறையப் படங்களோடு இருபத்திரண்டு வருஷமாக ஊர் ஊராகப் போய், பொற்கொல்லர்களைத் தேடிப் பிடித்துச் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். அலைந்த அலைச்சலில் மூன்று ஊரில் மூன்று சிநேகிதர்கள் நிலைத்தார்கள். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார் அக்கா. ஒவ்வொருவரிடமும் "உங்க கைதான் கை" என்று சொல்லியிருந்தார் அல்லவா!

இந்தத் தும்பியைச் செய்தவர் ஊதுகுழல். அவர் குழலை வாயில் வைத்துத் தீயை ஊதினால், எறும்பின் ஒரு காலை மட்டும் சூடாக்குவார். மற்ற ஐந்து கால்களுக்குத் தகவலே போகாது. பதினோரு மாதம் உட்கார்ந்து இதைச் செய்திருந்தார். வெங்காயச் சருகைவிட மெல்லிய தங்க இறக்கைகள். தலைமுடி தடிமனில் சுருள் கம்பிகள். தலையும் திரும்பும். பக்கத்து வீட்டில் யாராவது பெருமூச்சு விட்டால் இங்கே தும்பி பறக்கப் பார்க்கும். சனிக்கிழமை நகைக் கண்காட்சி. நடுக்கூடத்தில், நடுக் கண்ணாடிப் பெட்டியில் இதுதான். "காத்துப் பட்டாலே துடிக்கும் பாருங்க" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்தாயிற்று. இன்று புதன்.

இத்தனை பெரிய கலைஞர்கள் மூவரிடமும் ஒரு விசித்திரம் உண்டு. நகை கைக்கு வந்த பிறகுதான் எங்காவது எள்ளளவு குறை தென்படும். ஒரு கொக்கி இறுகும். ஒரு மணி சுற்றாது. அக்கா அதை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று போவார். இரண்டு நாள் தங்கி, சாப்பிட்டு, சிரித்து, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆமா, இந்தக் கொக்கி..." என்று இழுப்பார். இப்படி இருபத்திரண்டு வருஷமாக மூன்று பேரின் மானத்தையும் தான் ஒருத்தியே காப்பாற்றி வருவதாக அவருக்குள் ஒரு பெருமை.

அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஊதுகுழலின் மனைவிகூட வழியனுப்பும்போது, "எதுன்னாலும் உடனே வந்துடுங்க அண்ணி, மாடி ரூம்ல படுக்கை விரிச்சபடியே இருக்கும்" என்றிருந்தாள். ஆனால் தும்பியைக் கையில் கொடுக்கும்போது ஊதுகுழலின் கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண் காய்வதற்குள் போய் இறக்கை செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? முன்பு ஒருமுறை அவர் செய்த தோட்டைப் பார்த்து அக்கா வாய்தவறி "பரவாயில்ல" என்று சொல்லிவிட, இரண்டு வருஷம் பேசவில்லை மனிதர். எதிரே உட்கார்ந்துகொண்டே மனைவியிடம், "அவங்களைத் தண்ணி குடிக்கச் சொல்லு" என்பார்.

தும்பியைத் திருப்பிப் பார்க்கலாமா என்று விரல் துடித்தது. துடித்த விரலை அக்காவே தட்டி அடக்கினார். நகையின் முதுகை அவர் பார்ப்பதில்லை. முதல் வருஷம் ஒரு பதக்கத்தைத் திருப்பப் போனபோது, குளிக்கிற இடத்தில் எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு கை வந்து பொத்தியது. "முகம் உங்களுது, முதுகு எங்களுது. முதுகை இன்னொரு பொற்கொல்லன்தான் பார்க்கலாம்." அன்றிலிருந்து அவர் சுவர்க் கடிகாரத்தைக்கூடத் திருப்பியதில்லை.

முதுகைப் பார்க்க இன்னொரு பொற்கொல்லர் வேண்டும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். அது லென்ஸ் அண்ணன் ஊர்.

லென்ஸ் அண்ணனின் வலது கண்ணில் சின்னக் கண்ணாடி ஒன்று முப்பது வருஷமாகச் சொருகியபடி இருந்தது. கல்யாணப் போட்டோவிலும் உண்டு. அவர் தும்பியை வாங்கினார். அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தும்பியின் முதுகைப் பார்த்தார். அரை மணி நேரம் சத்தமில்லை.

"அண்ணே, ஏதாவது சொல்லுங்க."

"பேசாதம்மா. கும்பிட்டுக்கிட்டிருக்கேன்."

"அவ்வளவு நல்லா இருக்கா?"

"சுருள் கம்பியைப் பார்த்தியா? பார்க்க மாட்டே, சரி. பற்றவச்ச இடம் எங்கேன்னு அரை மணியா தேடுறேன். இவன் தங்கத்தைப் பற்றவைக்கல, சமாதானம் பேசி ஒண்ணு சேர்த்திருக்கான்."

"எவன்?"

"யாரோ ஒருத்தன். எனக்கென்ன தெரியும்?" என்று லென்ஸ் அண்ணன் அவசரமாக இருமினார். "இடது இறக்கைதானே? ஒருநாள் ஆகும். தங்கிட்டுப் போ."

அக்கா தங்கினார். வியாழக்கிழமை முழுக்க லென்ஸ் அண்ணன் ஒரு கம்பியை நூலாக இழுத்துக் காட்டினார். தன் மனைவியின் சமையலைப் பற்றி அவளுக்குக் கேட்காமல் ஜோக் சொன்னார். அவளுக்குக் கேட்டுவிட, வசை வாங்கினார். அக்கா வயிறு வலிக்கச் சிரித்தார். சாயங்காலம் தும்பி கைக்கு வந்தது. இடது இறக்கை விசிறி மாதிரி அடித்துக்கொண்டது.

"அண்ணே, உங்க கைதான் கை!"

பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியது. அது குலுங்கிய குலுக்கலில் பயணிகளின் பல் ஆடியது, ஜன்னல் ஆடியது, ஓட்டுநரின் மீசை ஆடியது. தும்பியின் இடது இறக்கையும் ஆடியது. வலது இறக்கை மட்டும் ஆடவில்லை.

"ஐயோ, நோய் பக்கம் மாறிடுச்சே!" என்றார் அக்கா. பக்கத்து இருக்கைப் பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

கும்பிட்ட கையோடு நிற்கும் லென்ஸ் அண்ணனிடம் போய் இதைச் சொல்வதா? முடியாது. மறுநாள் காலை மூன்றாவது சிநேகிதர் அரைப்புள்ளியின் பட்டறையில் நின்றார்.

அரைப்புள்ளிக்கு உலகத்தில் எதுவும் சரியான அளவில் இருந்ததில்லை. தேநீரில் சர்க்கரை அரைப்புள்ளி அதிகம். வாசற்படி அரைப்புள்ளி உயரம். தன் மூக்கே அரைப்புள்ளி இடப்பக்கம் என்று பொண்ணு பார்க்கப் போன வீட்டில் அவரே சொன்னவர். அந்த அரைப்புள்ளி தும்பியைப் பார்த்தார். அரத்தை எடுத்தார். அரத்தைக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி, எவ்வளவு அதிகம்?"

"இல்லக்கா. சரியா இருக்கு."

சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். 'சரியா இருக்கு' என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கு வறண்டுவிட்டது.

"வலது இறக்கையை மட்டும் பாருப்பா. நாளைக்குக் காலையில கண்காட்சி."

மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். இரண்டு இறக்கையும் அடித்த அடியில் மேசை மேலிருந்த தங்கப்பொடி ஓரமாக ஒதுங்கியது. நிஜ ஈ ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சொந்தக்காரரா என்று பார்த்துவிட்டுப் போனது. அக்காவுக்கு ஆனந்தக் கண்ணீர். அந்தக் கண்ணீருக்கு நடுவில்தான் தலையைப் பார்த்தார். தும்பி சம்பந்தி வீட்டில் மரியாதை கிடைக்காதவர் மாதிரி முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்திருந்தது. ஊதினார். தட்டினார். கெஞ்சினார். தலை திரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஊதுகுழல்.

"அக்கா, தும்பி எப்படி இருக்கு?"

"பிரமாதம்!"

"ரெண்டு இறக்கையுமா?"

"ரெண்டும்... ரெண்டு மாதிரிப் பிரமாதம்."

"வேற ஒண்ணும் சொல்லத் தோணலையா?"

"என்னத்தைச் சொல்ல! வாயடைச்சுப் போய் உட்கார்ந்திருக்கேன்."

"சரி." குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் கண்காட்சிக்கு வர்றோம். நானே ஒருதடவை பார்த்துடறேன்."

அக்கா போனை வைத்தார். 'பரவாயில்ல'வுக்கே இரண்டு வருஷம். பதினோரு மாத உழைப்பின் முதுகில் இன்னும் இரண்டு பேர் கை வைத்தது தெரிந்தால், இந்த ஜென்மத்தில் பேச்சு கிடையாது. கண்காட்சி போனால் அடுத்த கண்காட்சி வரும். ஊதுகுழல் போனால் இன்னொரு ஊதுகுழலுக்கு எங்கே போவது?

"தம்பி, தலையைத் திரும்ப வை. வலது இறக்கை ஆடட்டும். இடது இறக்கையை மட்டும் கொன்னுடு."

அரைப்புள்ளிக்குப் புரையேறியது. "கெடுத்துக் கொடுங்கன்னு இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட வந்ததில்லக்கா!"

"செஞ்சவர் நாளைக்குப் பார்க்க வர்றார். வேற கை பட்டது தெரியாம, வந்தபடியே இருந்தாகணும். எத்தனை நாள் ஆகும்? எனக்குச் சாயங்காலம் ரயில்."

"ஒரு நிமிஷம்."

நிஜமாகவே ஒரு நிமிஷம்தான். அவர் திரும்பி உட்கார்ந்தார், சாமணம் என்கிற சின்ன இடுக்கியை எடுத்தார், திரும்பினார். தலை திரும்பியது, வலது இறக்கை துடித்தது, இடது இறக்கை பழையபடி பிணம்.

"சரி பண்ண அரைநாள், கெடுக்க ஒரு நிமிஷமா?"

"கெடுக்கிறது எப்பவும் சுலபம்க்கா." அரைப்புள்ளி சாமணத்தின் நுனியைத் துண்டில் துடைத்தார். "நானும் நாளைக்கு வரட்டுமா?"

"நீ வந்தே, நான் செத்தேன்!"

சனிக்கிழமை காலை. கூடம் திறக்க இன்னும் அரை மணி இருந்தது. ஊதுகுழல் இஸ்திரி போட்ட சட்டையோடும், அவர் மனைவி ஒரு பிளாஸ்க்கோடும் வந்து சேர்ந்தார்கள். அக்கா கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். 'ஐயோ, இடது இறக்கை ஆடலையே' என்று ஊதுகுழல் பதறுவார். 'அப்படியா, நான் கவனிக்கவே இல்லையே' என்று சொல்லிவிட வேண்டும். இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார்.

ஊதுகுழல் குனிந்து ஊதினார். வலது இறக்கை படபடத்தது. இடது இறக்கை கிடந்தது. அவர் பதறவில்லை. மெல்ல நிமிர்ந்தார். முகம் சிறுத்துவிட்டது.

"புதன்கிழமையிலிருந்து கையிலேயே வச்சிருக்கீங்க. ஒருதடவைகூட ஊதிப் பார்க்கலையா அக்கா?"

"அப்படியா, நான் கவனிக்கவே..."

"கவனிக்கலையா? என் நகையில ஒரு மணி சுத்தலன்னா மறுநாளே வாசல்ல நிப்பீங்க. பதினோரு மாசம் செஞ்ச தும்பியை நீங்க கவனிக்கவே இல்லையா?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்போ என் வேலையைப் பார்க்கிற கண்ணு உங்களுக்குப் போயிடுச்சு. இனிமே நான் எதுக்கு? வா, போகலாம்" என்றார் மனைவியிடம்.

அக்கா ஓடிப்போய் வாசலை மறித்தார்.

"பார்த்தேன்! பத்தே நிமிஷத்துல பார்த்தேன்! உங்க மனசு நோகக்கூடாதுன்னு லென்ஸ் அண்ணன்னு ஒருத்தர்கிட்ட போனேன், அங்கே வலது செத்தது. அரைப்புள்ளின்னு ஒருத்தர்கிட்ட போனேன், தலை செத்தது. நீங்க வர்றீங்கன்னதும் பழையபடி இடதைச் சாகடிச்சேன். அடிக்கணும்னா அடிங்க, பேசாம மட்டும் இருக்காதீங்க!"

ஊதுகுழல் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, தூணுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு லென்ஸ் மின்னியது. அதற்குப் பின்னால், அரைப்புள்ளி இடப்பக்கமாக ஒரு மூக்கு.

"ஏன் அண்ணே," என்றார் ஊதுகுழல் லென்ஸைப் பார்த்து, "நீங்களாவது அக்காவை என் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாதா?"

"வந்தவளை எப்படிப்பா அனுப்புறது? இதுக்கு முன்னாடி அவ எங்க வீட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு" என்றார் லென்ஸ் அண்ணன்.

அக்கா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்குள்ள... ஒருத்தரை ஒருத்தர் தெரியுமா?"

ஒருவர் விட்டத்தைப் பார்த்தார். ஒருவர் தரையைப் பார்த்தார். லென்ஸ் அண்ணன் முப்பது வருஷத்தில் முதல் முறையாகக் கண்ணிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

ஊதுகுழலின் மனைவி இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் தேநீர் ஊற்றினாள். தும்பியை எடுத்து, முதுகு கீழே இருக்கும்படி, ஆவியில் ஒரு கணம் காட்டினாள். இடது இறக்கை சிலிர்த்தது, துடித்தது, படபடவென்று அடித்துக்கொண்டது. இரண்டு இறக்கையும் தலையும் ஒன்றாக உயிர் பெற்று, கண்ணாடியில் வெளிச்சம் சிதறியது. அவள் தும்பியின் முதுகை விரல் நுனியால் துடைத்து, அதில் ஒட்டியிருந்த எள்ளளவு மெழுகை அக்காவின் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"மூணு ஊரும் சுத்திட்டு வந்தது இந்த மெழுகுதான் அண்ணி. குறையே இல்லாம ஒரு நகையை உங்க கையில கொடுத்துட்டா, அப்புறம் நீங்க எதுக்கு எங்க வீட்டுக்குத் திரும்பி வருவீங்க?"