புயலுக்கு அளவெடுத்த படலம்

கத்தரிக்கோலை வாளாகவும் ஊசியை வேலாகவும் ஏந்தியவனே, வாழி. கடற்கரைச் சாலையின் கடைசிக் கடையில் வீற்றிருந்து, ஊராரின் இடுப்பளவை எல்லாம் நெஞ்சில் பொறித்து வைத்தவனே, வாழி. எவர்க்கு அளவெடுத்தாலும் தையலுக்கென்று அரை அங்குலம் கூட்டியே சொல்லும் வள்ளலே, தையற்கலை வேந்தே, நின் வீரம் பாடப் புகுந்த எமக்கு நீயே நூல் கோத்துத் தருக.

நடுக்கடலில் தலைவிரித்தெழுந்த புயலொன்று, பாகனை உதறிய மதகளிறெனக் கரைநோக்கி வந்துகொண்டிருந்தது. மொட்டைமாடியிலோ, மருத்துவமனைச் செவிலியர்க்குச் சட்டை தைக்க வந்த இருபத்திரண்டு வெண்துணிகள், வெட்டுமுன்னே சுருங்கிக்கொள்ளட்டும் என்று நீரில் முக்கியெடுக்கப்பட்டு, கொடியிலேயே வெற்றிக்கொடிகளாய்ப் படபடத்தன. அவற்றின் ஓரத்தில், வேந்தனுக்கு இருந்த இரண்டே பேன்ட்டுகளில் ஒன்றும் காய்ந்தது. மணலோடு மழை அடித்தால் வெள்ளை பழுப்பாகும். பழுப்பானால் மருத்துவமனை வேறு கடைக்குப் போய்விடும். அந்த ஒரு வேலையை நம்பித்தான் வீட்டில் மூன்று மாதத்துக்கு அடுப்பு எரியவேண்டும்.

ஆகவே வேந்தன் சுவரில் கடல்வரைபடத்தை அறைந்தான். காலை ஆறு மணிச் செய்தியில் வானொலி சொன்ன இடத்தில் குண்டூசி நாட்டினான். கழுத்தில் பாம்பெனக் கிடந்த அளவுநாடாவை உருவி, குண்டூசிமுதல் ஊர்வரை சுருக்கமின்றி இழுத்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி உற்று நோக்கினான். வரைபடத்தில் ஓரங்குலம் நகரப் புயலுக்குப் பத்து மணி நேரம் ஆகும்.

“ஒன்றரை அங்குலம். இரவு ஒன்பதுக்கு முன் ஒரு துளியும் மண்ணில் விழாது. என் நாடாவின் மேல் ஆணை,” என்று முழங்கினான்.

எதிர்க்கடை முடிதிருத்துநர், சோப்பு நுரை படிந்த கைப்பேசியோடு வந்து நின்றார். “அண்ணே, நாலு மணிக்கேன்னு போட்டிருக்கான்.”

“போட்டவன் நாடா பிடித்து அளந்தானா?” என்று வேந்தன் கேட்ட கேள்வியில், அவர் பாதி மழித்த தாடையொன்று தமக்காகக் காத்திருப்பதை நினைத்துப் பின்வாங்கினார்.

மதியம் வானம் கறுத்தது. “துணிய எடுத்திரட்டுமா?” என்றாள் மனைவி.

“ஒன்பது மணிவரை ஒரு நூலும் அசையலாகாது.”

அவள் நாடாவைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனாள்.

மணி நான்கு. இடி முரசறைய, மின்னல் வாள்வீச, மழை கோடி அம்புகளாய்ப் பொழிய, மிதித்துக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பாதித் தையலில் விட்டெழுந்து, செருப்பொன்று கழல, மூச்சிரைக்க, படிகளை இரண்டிரண்டாய்த் தாவி, மாடிக்கதவைத் தோளால் மோதித் திறந்து பாய்ந்தான் மாவீரன். கொடி வெறிச்சோடிக் கிடந்தது. எஞ்சியிருந்த பேன்ட் ஒன்று, இரு கால்களாலும் அவனை எட்டி உதைப்பதுபோல் ஆடி, கிளிப்பை அறுத்துக்கொண்டு கடற்பக்கம் பறந்தது. இருபத்திரண்டையும் காற்று வாரிப் போய்விட்டதென்றே எண்ணி, இடுப்பொடிந்தவனாய் அங்கேயே நனைந்து நின்றான். அவனுக்கு அழுகை வந்தது.

கீழே வந்தபோது, வெட்டுமேசைமேல் இருபத்திரண்டு வெண்துணிகளும் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன.

“நீங்க எதை அளந்தாலும் தையலுக்கு அரை இஞ்சு சேத்துத்தானே சொல்லுவீங்க,” என்றாள் மனைவி. “அதைக் கழிச்சுப் பாத்தேன். நாலு மணின்னு வந்துச்சு. மூணுக்கே எடுத்துட்டேன்.”

உலகளந்த பெருமையெல்லாம் அந்த அரை அங்குலத்துக்குள் அடங்கிற்று. ஆனாலும் அவள்மேல் அவனுக்குப் பொங்கிய அன்புக்கு எந்த நாடாவும் போதாது.

“என் பேன்ட்டு?”

“உங்க துணியாச்சே. உங்க கணக்குப்படி ஒன்பது மணிவரைக்கும் காயட்டும்னு விட்டேன்.”

வெளியே ஊழிக்காற்று ஊளையிட்டது. கடல் கரையை அறைந்தது. உடுத்தியிருந்த ஈரப் பேன்ட்டிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, தோல்வியறியா மன்னவன் நாடாவை மீண்டும் கழுத்தில் அணிந்தான்.

மறுநாள் தையல்காரருக்குப் போட்டுக்கொள்ளப் பேன்ட் இல்லை.