யானை மேல் ஓடிய அணில்

உதவி செய்கிறேன் என்று நான் கிளம்பும்போதெல்லாம் யாராவது என்னைக் கட்டிப்போட வேண்டும். அப்போது பி.எட். சேர்ந்து இரண்டே மாதம். தென்காசியின் கல்விப் பொறுப்பு மொத்தமும் என் தலையில் இருப்பதாக நினைப்பு.

தங்கை மகி மூன்றாம் வகுப்பு. வாயைத் திறந்தால் கதை கொட்டும். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் பிடிகொடுக்காது. அவளுடைய டீச்சர் ஒருநாள் எங்கள் அம்மாவிடம், "வெள்ளிக்கிழமை அணில் பாடத்தைப் படிக்கச் சொல்லிப் பாப்பேன். எங்கன திக்குதுன்னு தெரிஞ்சாத்தான் தனியா சொல்லிக்கொடுக்க முடியும். நீங்களும் வாங்க" என்றார்.

என் காதில் அது 'டெஸ்ட்' என்று மட்டும்தான் விழுந்தது. (எங்கள் குடும்பத்தில் டெஸ்ட் என்றால் பாஸாக வேண்டும். கண் டாக்டரிடம் போனாலும் அப்பா எழுத்துப் பலகையை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வார்.)

நான்கு நாள் மனப்பாடப் பயிற்சி. மாவாட்டும்போது அம்மா, செருப்பு மாட்டும்போது அப்பா, ஐந்தருவியில் தலையைக் கொடுத்தபடி நான் என்று ஆளாளுக்கு மகியைச் சொல்ல வைத்தோம். பக்கத்தில் குளித்த ஆச்சி ஒருத்தி, "ஏட்டி, அந்தப் புள்ளைய குளிக்கவாவது விடேன்" என்று ஏசினாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் மகியின் குரல் கணீரென்று ஓடியது. நான் அம்மாவைப் பெருமையாகப் பார்த்தேன். அந்நேரம் பார்த்து சாரல் காற்று ஜன்னல் வழியே நுழைந்து ஏழெட்டுப் பக்கங்களைப் புரட்டியது. திறந்த பக்கம் முழுக்க யானை. மகி அசரவில்லை. யானையின் முதுகில் விரலை ஓட்டியபடி, "அணில் மிகச் சிறிய பிராணி" என்று முடித்தாள்.

"யாரு சொல்லிக்கொடுத்தது?" என்றார் டீச்சர்.

"அக்காதான். நிறுத்துனா கண்டுபிடிச்சிருவீங்கன்னு சொன்னா." மகியின் உதடு பிதுங்கியது. "இனிமே எனக்குத் தனியா சொல்லித் தரமாட்டீங்களா டீச்சர்?"

என் பி.எட். அந்த நிமிடமே ரத்தாகியிருக்கலாம்.

"தருவேன்ட்டி. உங்க அக்காவுக்கும் சேத்து" என்றார் டீச்சர்.

ஏற்பாடு இதுதான்: பள்ளியில் அவர் சொல்லிக்கொடுத்த மூன்று வரிகளை வீட்டில் மகி விரல் வைத்துப் படிப்பாள். திக்கினால் நான் காத்திருக்க வேண்டும். அதற்கொரு நோட்டு, 'அக்கா வாயைத் திறக்கவில்லை' என்று தினமும் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். முதல் வாரம் அம்மாவுக்குப் பேனா தேவைப்படவே இல்லை.

இப்போது மகி ஐந்தாம் வகுப்பு. மெதுவாகத்தான் படிக்கிறாள், ஆனால் அவளே படிக்கிறாள். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். வந்து நின்ற பஸ்ஸின் போர்டை நிமிர்ந்து பார்த்து, "இ... ல..." என்று ஆரம்பித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா என் கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள். "இலத்தூர்!" என்று மகி கத்தியபோது நாங்கள் ஏற வேண்டிய அந்த பஸ் கிளம்பிவிட்டது.

தாலி கட்டி, பந்தியும் பாதி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். "ஏன் இம்புட்டு நேரம்?" என்றாள் பெரியம்மா.

"போர்டு படிச்சிக்கிட்டு இருந்தோம்க்கா" என்றாள் அம்மா, ஏதோ மெடல் வாங்கியவள்போல.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எங்கே தாமதமாகப் போனாலும் சொல்லும் காரணம் அதுதான். அப்பா ஆபீசிலேயே ஒருமுறை சொல்லிவிட்டாராம்.