லேவி ஐயாவின் மேசையில் அரைத் தேங்காய்

நோபல் பார்க்,
மெல்பேர்ன்.

பாசமுள்ள டொறத்தி அக்காவுக்கு,

மடு மாதாவின் துணையால் தம்பி எறிக் இங்கே நல்ல சுகம். பேசாலையில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் என்னைவிடச் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். எண்பத்திரண்டு வயது லேவி ஐயாவுக்குப் பகலில் சமைத்துக் கொடுக்கிறேன். அவர் யூதர். அவர்களுடைய கோஷர் ஒழுங்கில் றாலும் நண்டும் பன்றியும் கூடாது. இறைச்சியும் பாலும் ஒரே சட்டியிலோ ஒரே சாப்பாட்டிலோ சேரக்கூடாது. குசினியில் எல்லாம் இரண்டு இரண்டு. இறைச்சிக்குச் சிவப்புக் கரண்டி, பாலுக்கு நீலக் கரண்டி. இதுக்கு மேலே மனுசனுக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி கூட. டொக்டர் கீரை கொடு என்கிறார். கோஷர் அந்தக் கீரையில் ஒரு பூச்சிகூட இருக்கக்கூடாது என்கிறது. ஒவ்வொரு இலையாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நான் ஒரு வறை வைத்து முடிக்க மத்தியானம் தாண்டிவிடும். ஐயா பசியோடு கதிரையில் இருந்து, "எறிக், இன்னும் எத்தனை இலை?" என்று கேட்பார்.

சிரிக்காதேங்கோ அக்கா. ஐயாவின்ர மகள் ரேச்சல் சொல்லிப்போட்டா, இந்த முறை இரத்தப் பரிசோதனையில் சீனி குறையாவிட்டால் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கிறதாம். மனைவியோடு நாற்பது வருஷம் வாழ்ந்த வீடு. அதை நினைத்து ஐயா ஒரு நாள் என் முன்னாலேயே அழுதார். என்ர வேலை போறது வேற கதை.

முதல் கிழமையே நான் நீலக் கரண்டியால் கோழியைக் கிண்டிப்போட்டன். பயத்தில் ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னன். சுவாமியார், "இது எங்கட பக்கத்துப் பாவம் இல்லையே தம்பி" என்றார். பிறகு ஐயாவிட்டயே சொன்னன். அவர் தங்கட மதகுரு ரபியிட்டக் கேட்டு, அந்தக் கரண்டியை வெளியில போட்டுப் புதுசு வாங்கித் தந்தார். ஒரு ஏச்சு இல்லை.

போன புதன்தான் பெரிய கூத்து. கொழுப்பைக் குறைக்கவேண்டுமென்று தேங்காயின் இரண்டாம் பாலில் கோழிக் குழம்பு வச்சு, சீனி ஏத்தாத குரக்கன்மாப் பிட்டோடு கொடுத்தன். ஐயா ரசிச்சுச் சாப்பிட, ரேச்சல் வந்தா. வெள்ளைக் குழம்பைக் கண்டதும், "அப்பா! இறைச்சிக்குள்ள பாலா?" என்று கத்தி, கோப்பையைப் பறிச்சுப்போட்டா. தேங்காய் என்று சொன்னால் நம்பினால்தானே! நான் திருவலையைக் கொண்டுவந்து, அவவுக்கு முன்னாலேயே நிலத்தில் குந்தி, ஒரு தேங்காயைத் திருவிப் பிழிஞ்சு காட்டினன். அவ பறிச்ச கோப்பையைத் திருப்பி அப்பாவுக்கு முன்னால வச்சா. ஐயாவோ மேசையில் தட்டித் தட்டிச் சிரிச்சார். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராமல், அந்தக் காயையே பக்கத்தில் வைக்கவேணும் என்று அவர்களிட்ட ஒரு வழக்கம் இருக்காம். இப்ப கோழிக் குழம்பு வைக்கிற நாளெல்லாம், கல்யாண வீட்டுக் கும்பம் மாதிரி நடுமேசையில் அரைத் தேங்காய்.

செவ்வாய்க்கிழமை பரிசோதனை முடிவு வரும். ஐயாவின் முகத்தில் தெளிவு இருக்கு. நல்லதே நடக்கும் என்று மனசு சொல்லுது. நீங்களும் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ. மற்றபடி எல்லாரும் என்னைப் போல அளவோடு சாப்பிட்டு உடம்பைக் கவனிக்கவும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புத் தம்பி,
எறிக்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் செவ்வாய் வந்துவிட்டது. ஐயாவின் சீனி நல்லாய் இறங்கிட்டுது, வீட்டிலேயே இருக்கலாம்! ரேச்சல் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. அந்தச் சந்தோசப் புளுகத்தில் நானும் சீனி பார்க்கச் சொல்லி டொக்டரிட்ட விரலை நீட்டினன். எனக்கு ஐயாவைவிடக் கூட. அவருக்குப் பரிசாய் வாற கேக்கை வீணாக்கக்கூடாதென்று இவ்வளவு நாளும் நான்தானே திண்டது. இப்ப ஐயா எனக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து, நான் பாவற்காயை முடிக்குமட்டும் எழும்பவே விடுறார் இல்லை.