இல்போவுக்குத் துரு பிடிக்காது

"துரு பிடிக்கிறது இரும்போட குத்தமில்ல. ஓட்டுறவன் குணத்தோட குத்தம்" என்றார் இல்போ.

எண்பது டிகிரிச் சூட்டில், உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல், இவ்வளவு கம்பீரமாக ஃபின்லாந்தின் ரௌமா நகரத்தில் யாரும் பேசியதில்லை. குடியிருப்பின் பொது வெப்பக் குளியலறையான சவுனாவில் புதன்கிழமை மாலை ஆண்களுடைய முறை. மேல்பலகையில் இல்போவும், கீழ்ப்பலகையில் பேருந்து ஓட்டுநர் ரெய்யோவும், மூலையில் எதற்கும் வாய் திறக்காத இரண்டு சகோதரர்களும் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார்கள்.

இல்போ குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். போன இலையுதிர்காலத்தில் காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்றார். அன்றே வீட்டுக் காரின் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். செவ்வாய்தோறும் தானே ஓட்டிக்கொண்டு பாட்டுக் குழுவுக்குப் போய்வந்த மனைவி மார்கெட்டாவைக்கூட அவரே கொண்டுபோய் விட்டு அழைத்துவந்தார். மற்றபடி அவருக்கு மிஞ்சியிருந்த உத்தியோகம், சவுனாவின் மேல்பலகையிலிருந்து கருத்துச் சொல்வது ஒன்றுதான். அதற்கு விடுப்பே எடுத்ததில்லை.

கார் ஓட்டுவதில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பிரேக் என்பது முன்யோசனை இல்லாதவனுக்கு. யோசிக்கிறவன் தூரத்திலேயே காலை எடுத்துவிடுவான், கார் தானாக வந்து நிற்கும். இதற்கு நேர்மாறான உதாரணமாக மூன்றாவது மாடி ஹில்க்காவைக் காட்டினார். மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள் ஞாயிறுதோறும் தன் சிவப்புக் காரில் ஏறி, முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பின்னோக்கி ஓட்டுவார். திடீரென்று பிரேக்கை மிதிப்பார். முன்னால் வருவார். மறுபடியும் பின்னால் போவார்.

"வாழ்க்கையில பின்னாடி போனவங்களைப் பார்த்திருக்கேன். வாராவாரம் நேரம் ஒதுக்கிப் பின்னாடி போறவங்களை இங்கதான் பாக்குறேன்" என்றார் இல்போ.

ரெய்யோ முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு உங்க காருக்கு வருஷப் பரிசோதனையாமே?"

"பரிசோதனையெல்லாம் இல்லப்பா. மரியாதை நிமித்தமான சந்திப்பு."

மறுநாள் அந்தச் சந்திப்பு நடந்தது. பரிசோதகர் வென்லா என்ற இளம்பெண். காரின் பின்சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி, பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் மிதிக்கச் சொன்னாள்.

"பின்னாடி இடது சக்கரம் பிடிக்கவே இல்ல. வலது சக்கரம் பிடிச்சா விடவே இல்ல."

அந்த இயந்திரத்தை யாராவது பரிசோதித்தார்களா என்று இல்போ கேட்டார். இன்று காலையில்தான் என்றாள் வென்லா. பிறகு பொறுமையாக விளக்கினாள். சாலையில் கொட்டுகிற உப்பு, பனி, ஈரம் எல்லாம் பின் பிரேக்கை மூடியிருக்கிற டிரம் என்ற இரும்புக் கிண்ணத்துக்குள் போகும். சின்னக் காரில் நிறுத்துகிற வேலையை முன் பிரேக்கே பார்த்துவிடும். பூப்போல ஓட்டுகிறவர்களிடம் பின் பிரேக்குக்குச் சுத்தமாக வேலை இருக்காது.

"வேலை இல்லாம சும்மாவே உக்காந்திருந்தா துரு பிடிக்கத்தானே செய்யும்?"

ஓய்வு பெற்று ஆறு மாதமான இல்போவுக்கு இது பிரேக்கைப் பற்றிய பேச்சாகப் படவில்லை. சரிசெய்துகொண்டு வரச் சொல்லி வென்லா அனுப்பிவைத்தாள்.

முற்றத்தில் ரெய்யோ பனியை வழித்துக்கொண்டிருந்தார். "என்னாச்சு?" என்றார்.

"வழக்கம்போல" என்றார் இல்போ.

அந்த ஊரில் இதற்குமேல் யாரும் எதையும் துருவிக் கேட்பதில்லை. ரெய்யோ தலையாட்டிவிட்டுப் பனியைப் பார்க்கப் போனார். ஆனால் இல்போவின் நெஞ்சில் அந்தச் சொல் உட்கார்ந்துகொண்டது. அடுத்த புதன்கிழமைக்குள் கார் தேறிவிட்டால் சொன்னது பொய்யாகாது. தேறாவிட்டால் மேல்பலகையில் ஏறி உட்கார முகம் இருக்காது. பட்டறைக்குப் போகலாமென்றால், உடனே வேலை செய்து தரக்கூடியவர் ஊரில் ஒருவர்தான். அவர் ஹில்க்காவின் தம்பி.

ஆகவே இல்போ தாமே களத்தில் இறங்கினார்.

சும்மா இருந்ததுதானே வியாதி? வேலை கொடுத்தால் தீர்ந்தது. காரின் அடிப்பக்கம் முழுவதும் குழாய்த் தண்ணீரை அடித்து உப்பைக் கழுவினார். ஆண்டுக்கணக்கில் தொடாத கைபிரேக்கை, பல்லைக் கடித்துக்கொண்டு, கூரைவரை வந்துவிடுமோ என்கிற அளவுக்கு இழுத்துப் பூட்டினார். பின் பிரேக்குகள் இரவெல்லாம் உழைக்கட்டும் என்று படுக்கப் போனார்.

இரவு உறைநிலைக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. பின் பிரேக்குகள் உழைத்தன. காலையில் கைபிரேக்கை இறக்கிய பிறகும் உழைத்துக்கொண்டே இருந்தன. இல்போ கியரைப் போட்டு வண்டியை எடுத்தபோது முன்சக்கரங்கள் மட்டும் சுற்றின. பின்சக்கரங்கள் மரக்கட்டையைப்போல நின்றபடியே பனிமேல் வழுக்கிக்கொண்டு பின்தொடர்ந்தன. கார் சறுக்குவண்டியாக முற்றத்தைக் கடந்தது. ஒவ்வொரு சன்னலிலும் ஒரு காப்பிக் கோப்பை தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. இல்போ கையசைத்தார். அவர்களும் அசைத்தார்கள். குப்பைத்தொட்டிக் கொட்டகை வந்ததும் கார் நின்றது, ஏனென்றால் கொட்டகை நகரவில்லை.

மார்கெட்டா மேல்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். சக்கரத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

மார்கெட்டா தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

இல்போ கெண்டியில் வெந்நீர் கொண்டுவந்து சக்கரங்களின் மேல் ஊற்றினார். படக்கென்று விட்டது. காரை மெதுவாக அதன் கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வெற்றிக் காப்பி ஒன்று குடித்துவிட்டு வந்தார். அதற்குள் ஊற்றிய வெந்நீர் முழுவதும் பனிக்கட்டியாகி, முன்பு பிரேக் மட்டும் இறுகியிருந்த இடத்தில் இப்போது சக்கரமும் தரையும் ஒன்றாக இறுகியிருந்தன.

அடுத்தது சுத்தியல். கார்க் கொட்டகையில் தார்ப்பாய் மறைவு கட்டிக்கொண்டு மதியம்வரை அடித்தார். சக்கரங்கள் கழன்றன, டிரம்கள் கழன்றன, இல்போவின் கட்டைவிரல் நகமும் பாதி கழன்றது. மாடிப்படிச் சுவரில் பெயர் போடாத ஒரு தாள் முளைத்தது. 'கொட்டகையில் சுத்தியலால் அடிப்பவர், ஏன் என்று ஒருமுறை தமக்குள் கேட்டுக்கொள்ளவும்.' சங்கத் தலைவர் என்ற முறையில் இல்போ அதன் அடியில் 'விசாரிக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கழற்றிய டிரம்களின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்தார். முகம் பார்க்கலாம்போல மின்னின. இனி ஈரம் மட்டும் அண்டாமல் இருந்தால் போதும். கொட்டகையில் ஈரம். அடித்தளத்தில் ஈரம். ஊரிலேயே எலும்புவரை காயவைக்கக்கூடிய இடம் எது? இல்போவுக்குப் பொறி தட்டியது. வெள்ளிக்கிழமை மாலை சவுனாவில் அவருக்கும் மார்கெட்டாவுக்கும் முறை.

துண்டுக்குள் சுற்றிக்கொண்டுபோய் இரண்டு டிரம்களையும் மேல்பலகையில், நாகரிகமாக ஆளுக்கொரு துணி விரித்து, உட்காரவைத்தார். மார்கெட்டா உள்ளே வந்து அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கை தண்ணீர் வாளியை நோக்கிப் போனபோதுதான் தம் திட்டத்தில் இருந்த ஓட்டை இல்போவுக்குப் புரிந்தது.

ஒரு ஃபின்லாந்துக்காரன் மனைவியிடம் பாடாதே என்று சொல்லலாம். பேசாதே என்றுகூடச் சொல்லிப் பார்க்கலாம். சவுனாவில் சூடான கல்லின்மேல் தண்ணீர் ஊற்றாதே என்று சொன்னவன் இதுவரை பிறக்கவில்லை. மார்கெட்டா ஒரு கரண்டி ஊற்றினார். ஆவி புஸ்ஸென்று எழும்பி டிரம்களைக் கட்டித் தழுவியது.

"விருந்தாளிங்களுக்கு இது போதுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

நேரம் முடிந்ததும் இல்போ ஒரு டிரம்மைத் துண்டில் சுற்றி வெளியே கொண்டுபோனார். இன்னொன்றுக்குத் திரும்பி வருவதற்குள் கதவருகே ஹில்க்கா நின்றிருந்தார். அடுத்த முறை அவருடையது. அந்த ஊரில் அடுத்தவர் முறையில் ஒரு நிமிடம் நுழைவதற்குப் பதில் வீடு புகுந்து திருடலாம்.

ஒரு மணி நேரம் கழித்து வீட்டு மணி அடித்தது. ஹில்க்கா, குளித்த சிவந்த முகத்துடன், கைக்குழந்தையைப்போல ஒரு துண்டுப் பொட்டலத்தை ஏந்தி நின்றார்.

"மறந்துட்டு வந்துட்டீங்க."

"முதுகுவலி. சூடா ஒத்தடம் குடுக்க வெச்சிருக்கேன்" என்றார் இல்போ.

ஹில்க்கா அவர் முதுகைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். "இடது வலதுன்னு ரெண்டு பக்கமாச்சே, ஒண்ணு போதுமா?" என்று கேட்டுவிட்டுப் படியேறினார்.

காலையில் டிரம்கள் இரண்டும் கேரட் நிறத்தில் இருந்தன. தேய்த்துப் பளபளப்பாக்கிய வெற்று இரும்பு, ஆவி பட்டதும் இரவோடிரவாகப் பூத்துவிட்டது. முன்பு இருந்தது பழைய துரு. இது புத்தம்புதுத் துரு. வேறு வழியில்லாமல் அப்படியே மாட்டிக்கொண்டு, சனிக்கிழமையும் திறந்திருந்த பரிசோதனை நிலையத்துக்குப் போனார்.

வென்லா சக்கரங்களை உருட்டிப் பார்த்தாள். அடியிலிருந்து மஞ்சள்தூள்போல ஏதோ கொட்டியது.

"ரெண்டும் அசையுது. அது முன்னேற்றம்தான். ஆனா விட்டுவிட்டுப் பிடிக்குது. என்ன பண்ணுனீங்க?"

இல்போ அக்கம்பக்கம் பார்த்தார். "சவுனாவுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

வென்லா குனிந்து சக்கரத்தை இன்னொருமுறை பார்த்தாள். "தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்தாம எப்படி?"

"அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டாள்.

பிறகு வைத்தியம் சொன்னாள். மேல்துருதான், பயமில்லை. எண்ணெய் கிண்ணெய் தடவிவிடக் கூடாது, அப்புறம் கார் நிற்கவே நிற்காது. ஈரத்தோடு கைபிரேக் போட்டுவைக்கக் கூடாது. காலியான இடமாகப் பார்த்து, பின்னோக்கி ஓட்டி, நன்றாக அழுத்திப் பிரேக் பிடிக்க வேண்டும். முன்னால் வந்து, மறுபடியும் அதையே செய்ய வேண்டும். பின்னால் போகும்போதுதான் பின் பிரேக்குக்கு நிஜமான வேலை. துரு தானாகத் தேய்ந்துவிடும். அதன்பிறகு வாரம் ஒருதடவை செய்தால் போதும், பிரச்சினையே வராது.

"பின்னோக்கியா?" என்றார் இல்போ.

"பின்னோக்கித்தான். திங்கக்கிழமை வாங்க."

ஞாயிறு காலை முற்றத்தில் சிவப்புக் கார் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. இல்போ ரொட்டி வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் படகுத் துறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். கோடைவரை அங்கே ஈ காக்கை வராது. படகுகள் எல்லாம் கரையில் முட்டுக்கொடுத்து, போர்வை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தன. நடுவில் மணல் தூவிய பெரிய வெற்றிடம்.

இல்போ தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு பின் கியரைப் போட்டார். ஓட்டினார், மிதித்தார். கார் கரகரவென்று முனகிக்கொண்டு நின்றது. முன்னால் வந்தார். மறுபடியும் பின்னால் போனார், இன்னும் பலமாக மிதித்தார். முனகல் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் கைக்கும் காலுக்கும் ஒரு தாளம் வந்துவிட்டது. கடைசியில் மிதித்த மாத்திரத்தில், சத்தமே இல்லாமல், ஆணி அடித்தாற்போலக் கார் நின்றது. ஆறு மாதத்தில் அவர் உருப்படியாகச் செய்த முதல் வேலை இதுதான் என்று தோன்றியது. முகத்தில் புன்னகைகூட எட்டிப் பார்த்தது. இனி வாராவாரம் ரொட்டி வாங்கக் கிளம்பினால் யாருக்கு என்ன தெரியப் போகிறது?

படகுகளுக்குப் பின்னாலிருந்து துறையின் காவலாளி, முன்பின் தெரியாத ஒரு மனிதர், காப்பிக் குடுவையோடு வந்தார். இல்போவைப் பார்க்கவில்லை. காரைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பழைய சிநேகிதரைப் பார்ப்பதுபோல. பிறகு சன்னல் பக்கம் குனிந்தார்.

"செவ்வாய்க்கிழமையானா பாட்டுப் பாடிக்கிட்டே வந்து, இதே காரை இங்க இதே மாதிரி பின்னாடி ஓட்டி ஓட்டிப் பிரேக் போடுவாங்களே ஒரு அம்மா, எத்தனையோ வருஷமா வந்துக்கிட்டிருந்தாங்க, போன இலையுதிர்காலத்துலருந்து ஆளையே காணோமே, அவங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"