நான்கு மூலைக்கும் மஞ்சள் வைத்தேன்

புதிதாக எதைப் பார்த்தாலும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் என் கை சும்மா இருக்காது. சைக்கிள், மிக்ஸி, மகளின் ஜாமெட்ரி பாக்ஸ், எதையும் விட்டதில்லை. (டிவி ரிமோட்டுக்கு வைத்ததில் இரண்டு பட்டன் ஒட்டிக்கொண்டது.)

எங்கள் ஊர் நூலகத்தில் புத்தகம் தூசி தட்டி அடுக்குவது என் வேலை. படிப்பு எட்டாவதோடு சரி. மாடியில் பெரிய பிள்ளைகளுக்கென்று ஓர் அறை இருந்தது. ஆனால் செஞ்சிக் கோட்டை மேல் ஏறுகிற பிள்ளைகள் எங்கள் மாடிப்படி ஏறவில்லை.

"ஞாயித்துக்கிழமை மேலதிகாரி வர்றாரு. ரூம் காலியா இருந்தா குடோனா மாத்திடுவாங்க," என்றார் நூலகர் அம்மா. அதற்காக ஒரு போன் போட்டி வைத்தார். அலமாரிகளில் ஐந்து தாள்கள். ஒவ்வொன்றிலும் கடையில் பணம் கட்ட ஒட்டியிருப்பார்களே, அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம். போனைக் காட்டினால் ஒரு விடுகதை வரும். அதன் விடையில் அடுத்த அலமாரி தெரியும்.

தாள்களை ஒட்டும் பொறுப்பு எனக்கு. ஞாயிறு காலை குளித்து, நாமம் போட்டு, சிங்கவரம் ரங்கநாதரை வேண்டிக்கொண்டு ஒட்டினேன். புதுத் தாள், நல்ல காரியம். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பது போலக் கட்டத்தின் நான்கு மூலைக்கும் மஞ்சள் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். முக்கியமான காரியம் என்பதால் கொஞ்சம் தாராளமாக.

பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் கோதையும் வந்தாள்.

"இன்னாண்ணா, எடுக்கல," என்றான் ஒருவன்.

"கிட்ட புடிப்பா."

"இன்னும் கிட்டன்னா ஒட்டிக்கும்ணா."

துண்டால் துடைத்தேன். மஞ்சள் கட்டம் முழுக்கப் பரவியது.

"நைனா, இன்னா பண்ணி வெச்சிருக்க?" என்றாள் கோதை. " மூணு மூலையில இருக்கிற பொட்டிய பாத்துதான் போனுக்கு அடையாளமே தெரியும்."

"மூணுதானே?"

"நீ நாலுக்கும் வெச்சிருக்க."

ஞாயிறு என்பதால் பிரிண்ட் கடையும் பூட்டு. பிள்ளைகள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம். அப்போது ஒரு பெண் சொன்னாள்: "இருங்கடி, அண்ணன் நெத்தியில ஒண்ணு இருக்குது. அது எடுக்குதா பாப்போம்."

இருபது போன்கள் என் நாமத்துக்கு நேராக நீண்டன. அவர்கள் கிளம்பாமல் இருந்தால் போதும் என்று நானும் குனிந்து நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன். (பெருமாள் மன்னிப்பார்.) அந்தக் கோலத்தில்தான் அதிகாரி உள்ளே வந்தார்.

நூலகர் அம்மா நடந்ததைச் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்து, "தினமும் இவ்ளோ பசங்க வர்றாங்களா?" என்றார்.

நாமத்தோடு பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லைங்க சார். இன்னைக்குத்தான்."

நூலகர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அடுத்த வாரமும் வருவோம் சார்," என்றான் முதலில் போனை நீட்டியவன். "அண்ணன் கெடுத்த போட்டிய அண்ணனே திரும்ப நடத்தணும்."

அதிகாரி சிரித்துவிட்டார். சொன்னபடியே வந்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்த அறை அறையாகவே இருக்கிறது.

போன மாதம் கோதையின் கல்யாணப் பத்திரிகை வந்தது. ஒரு மூலையில் மண்டபத்துக்கு வழி காட்டும் கட்டம். நான் மஞ்சளைக் குழைத்ததும் சமையலறையிலிருந்து மனைவியின் குரல்: "அதுல மட்டும் கைய வெச்சிடாதீங்க. மாப்ள திண்டிவனம் போயிடுவாரு."

செஞ்சியில் மூன்று மூலைக்கு மட்டும் மஞ்சள் வைத்த பத்திரிகை உங்கள் கைக்கு வந்தால், அது எங்கள் வீட்டுப் பத்திரிகைதான். அவசியம் வந்துவிடுங்கள்.